தாது வருஷப் பஞ்சமும் நின்றுபோன மாதவிலக்கும்

பரீட்சை நேரத்தில் ஒரு பெண்ணுக்கு மாதவிலக்கு பத்து நாள் தள்ளிப் போனால் வீடே கலங்கிவிடுகிறது. கவலையும் பட்டினியும் மாதவிலக்கை நிறுத்தும் என்பதற்கு நம் ஊர்ப்பக்கமே ஒரு பெரிய சாட்சி இருக்கிறது.

1876-78 பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்பார்கள். தாமிரபரணியின் கடைசி அணை ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. அதன் வாய்க்கால் பாய்ந்த வயல்களுக்கு ஆறு துணை. மழையை மட்டும் நம்பிய வடக்குக் கரிசல் பூமிக்கு அதுவும் இல்லை. தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் ஏராளம். சென்னை மாகாணத்தில் நிவாரண வேலை நடந்தது. 1877 ஜனவரியில் சர் ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தார்: ஆணுக்குத் தினம் ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) தானியமும் ஓரணாவும். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு! மண் சுமந்ததென்னவோ இருவரும்தான். இது உடம்புக்குப் போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார். சில மாதங்களில் கூலி உயர்ந்தது.

அன்றைய பதிவேட்டில் பிறப்பும் இறப்பும்தான் உண்டு, மாதவிலக்குக்கு ஏது கட்டம்? ஆனாலும் 1878-ல் மாகாணத்தில் பிறப்புகள் வெகுவாகச் சரிந்தன. 1877-ல் கருத்தரிக்காத பெண்களின் கணக்கு அது. கணவன் பிழைப்புத் தேடிப் போனதும், கரு கலைந்ததும் காரணங்கள்தான். ஆனால் சினைமுட்டை வெளிவருவதே நின்றுபோயிருப்பதும் முக்கியமான ஒன்று.

பஞ்சத்தில் இப்படி நடக்கும் என்பதைப் பிற்காலத்தில் மருத்துவர்கள் நேரிலேயே பார்த்தார்கள். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர் பிடியிலிருந்த மேற்கு நெதர்லாந்தில் ரேஷன் 1000 கலோரிக்கும் கீழே போனது. ஏறக்குறைய பாதிப் பெண்களுக்கு மாதவிலக்கு நின்றது. 1942-ல் ஜப்பானியர் நடத்திய ஹாங்காங் ஸ்டான்லி முகாமிலோ, அடைபட்ட கொஞ்ச நாளிலேயே பலருக்கு நின்றது. உடம்பு இளைக்கும் முன்பே! அங்கே பயமே போதுமானதாக இருந்தது.

மூளையின் ஹைப்போதாலமஸ் பகுதிதான் இதற்கு மூலம். அங்கிருந்து விட்டுவிட்டு வரும் ஹார்மோன் சமிக்ஞை பிட்யூட்டரியைத் தூண்ட, பிட்யூட்டரி சினைப்பையைத் தூண்டுகிறது. கொழுப்புச் சத்து குறைந்தால், அதிலிருந்து வரும் லெப்டின் ஹார்மோனும் குறையும். கவலையில் கார்ட்டிசோல் ஏறும். இரண்டுமே அந்தச் சமிக்ஞையை அடக்கிவிடும். கடும் உடற்பயிற்சியும், ஒல்லியாக வேண்டுமென்று சாப்பிடாமல் கிடப்பதும் இதே வேலையைச் செய்கின்றன. கர்ப்பப்பையில் கோளாறு இருக்க வேண்டியதில்லை.

மழை திரும்பியது, தானியம் வந்தது. 1880 வாக்கில் பிறப்புகள் மீண்டும் ஏறின. ஆனாலும் 1871-ல் சுமார் 3.12 கோடியாக இருந்த மாகாண மக்கள்தொகை, 1881 கணக்கெடுப்பில் 3.08 கோடியாக இருந்தது.