விளையாட்டுக் கணினியும் உறுப்புத் தெரிவும்: கல்முனைக் கரையை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மருதமுனை நெசவாளர் தறியில் அமருமுன் நூலைத் தெரிகின்றார். பாவுக்கு ஏற்ற ஊடை அமையாவிடின் விலையுயர்ந்த நூலும் நல்ல துணியாவதில்லை. அதே கல்முனைக் கரையில், விளையாட்டுக்கென ஒரு கணினியைத் தம் வீட்டிலேயே பொருத்த முற்படும் இளைஞர் செய்வதும் இத்தகையதொரு தெரிவேயாகும். தனிமனித விருப்பின் விளைவாகத் தோன்றும் இத்தெரிவினுள் உலக வணிகத்தின் வரலாறும், இலங்கைப் பொருளாதாரத்தின் வரலாறும், இக்கரையின் புவியியலும் ஒருங்கே அடங்கியுள்ளன.

உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கணினி அமைக்கும் வழக்கம் தொடக்கத்தில் கைவினை ஆர்வலருக்கே உரியதாயிருந்தது. 1975ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்க மின்னியற் சஞ்சிகையொன்றின் அட்டையில் இடம்பெற்ற ‘அல்ரயர் 8800’, உறுப்புப் பொதியாகவும் விற்கப்பட்டது. வாங்கியவர் ஒவ்வோர் உறுப்பையும் தாமே ஈயப்பற்று வைத்து இணைக்கவேண்டியிருந்தது.

இந்நிலையை மாற்றியது 1981ஆம் ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த ஐ.பி.எம். நிறுவனத்தின் தனியாள் கணினியாகும். தன் கணினிகளைப் பெரும்பாலும் தானே உருவாக்கிவந்த அந்நிறுவனம், ஏறத்தாழ ஓராண்டினுள் பணியை முடிக்கவேண்டிய அவசரத்தில் செயலியை இன்டெல்லிடமும் இயங்குதளத்தை மைக்ரோசொப்டிடமும் பெற்றது. மின்சுற்று வரைபடங்களையும் கையேடாக வெளியிட்டது. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரல் மட்டுமே பதிப்புரிமையால் காக்கப்பட்டது. 1982ஆம் ஆண்டின் இறுதியில் கொம்பாக் நிறுவனம், அந்நிரலைப் பிரதிபண்ணாது அதன் தொழிற்பாட்டை மட்டும் ஒத்த வேறொரு நிரலை எழுதி, ஒத்தியல்பான கணினியை அறிவித்தது. அதன்பின் எவரும் உறுப்பு செய்யலாம், எவரும் பொருத்தலாம் என்னும் நிலை தோன்றிற்று. தாய்வானின் தொழிற்சாலைகள் தாய்ப்பலகைகளைப் பெருமளவில் உற்பத்தி செய்தன. 1995ஆம் ஆண்டில் இன்டெல் வகுத்த ஏ.ரி.எக்ஸ். நியமம் தாய்ப்பலகை, பெட்டி, மின்வழங்கி ஆகியவற்றின் அளவுகளை ஒருமைப்படுத்தியது. வாங்குவோரின் தெரிவுரிமை இவ்வாறு ஒரு நிறுவனத்தின் அவசரத்திலும் ஏனையோரின் போட்டியிலும் பிறந்ததெனலாம்.

அவ்வுரிமைக்கு உந்துதல் அளித்தது விளையாட்டாகும். அலுவலகக் கணினிக்கு எழுத்தும் எண்ணும் போதுமானவை. விளையாட்டோ ஒலியையும் விரைந்து மாறும் காட்சியையும் வேண்டி நின்றது. 1989ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் கிரியேற்றிவ் நிறுவனம் ‘சவுண்ட் பிளாஸ்ரர்’ ஒலியட்டையை வெளியிட்டது. 1993ஆம் ஆண்டு டிசெம்பரில் வந்த ‘டூம்’ விளையாட்டு, வேகமிக்க செயலியின் தேவையை வீடுகளிலும் உணர்த்தியது. 1996இல் ‘வூடூ’ அட்டையும், 1999இல் என்விடியாவின் ‘ஜிபோர்ஸ் 256’ அட்டையும் முப்பரிமாணக் காட்சிக்கான கணிப்பைத் தம்மீது ஏற்றுக்கொண்டன. 2012ஆம் ஆண்டில் படங்களை இனங்காணும் ஆய்வொன்றில் பெருவெற்றி ஈட்டிய ‘அலெக்ஸ்நெற்’ என்னும் நரம்பியல் வலையமைப்பு, இத்தகைய இரு விளையாட்டு அட்டைகளிலேயே பயிற்றப்பட்டது. விளையாட்டுக் கணினியை வெறும் பொழுதுபோக்கெனப் புறக்கணிப்போர் இவ்வுண்மையை மனங்கொள்ளல் தகும்.

இலங்கையில் இவ்வரலாறு வேறொரு நடையில் சென்றது. 1960களின் பிற்பகுதியில் இந்நாட்டிற்கு வந்த முதற் கணினிகள் அரச கூட்டுத்தாபனங்களின் சொத்தாகவே இருந்தன. 1977ஆம் ஆண்டின் திறந்த பொருளாதாரக் கொள்கை இறக்குமதிக்கு வழிதிறந்தது. பின்னர் கொழும்பு, பம்பலப்பிட்டியின் யுனிற்றி பிளாசா கணினி உறுப்பு வணிகத்தின் நடுவிடமாயிற்று. ஆயின் 1983 முதல் 2009 வரை நீடித்த போரும், 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் திகதிய ஆழிப்பேரலையும் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களை வேறு கவலைகளில் ஆழ்த்தின. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறு ஆண்டு தென்கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் இப்பகுதியின் உயர்கல்விக்கு ஊரிலேயே ஓரிடத்தைத் தந்தது. ஆயினும் உறுப்புச் சந்தை 300 கிலோமீற்றருக்கு அப்பாலேயே இருந்தது. கல்முனைக்குப் புகையிரதமும் இல்லை.

இத்தூரமே தெரிவின் தன்மையை மாற்றுகின்றது. கொழும்பில் வசிப்பவர் பொருந்தாத உறுப்பை மறுநாளே மாற்றலாம். கல்முனையில் வசிப்பவருக்கோ பிழையின் விலை ஒரு நெடும்பயணமாகும். எனவே முதலில் நோக்கவேண்டியது இசைவு. செயலியின் வகைக்கும் தாய்ப்பலகையின் பொருத்துவாய்க்கும் இசைவு வேண்டும். டி.டி.ஆர்.4 வகைக்கு அமைந்த பலகையில் டி.டி.ஆர்.5 நினைவகம் பொருந்தாது. இரண்டாவது சமநிலை. வலிய வரைகலை அட்டையுடன் மெலிந்த செயலியை இணைப்பின் அட்டை காத்திருக்கும். நொடிக்கு 60 முறை மட்டும் புதுப்பிக்கும் திரையின் முன் அதனினும் பன்மடங்கு சட்டகங்களை உருவாக்கும் அட்டையின் ஆற்றலிற் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாது. மூன்றாவது சூழல். உவர்க்காற்று உலோகத் தொடுகைகளை அரிக்கின்றது. வெப்பம் மிகுந்த கரையோரத்தில் பெட்டிக்குள் காற்றோட்டம் அவசியமாகின்றது. கடைவீதியில் ‘பவர் சப்ளை’ என வழங்கும் மின்வழங்கியைப் பலர் இறுதியில், எஞ்சிய பணத்திற்கு வாங்குகின்றனர். மின் ஏறி இறங்கும் ஊரில் ஏனைய உறுப்புகள் அனைத்தையும் காப்பது அதுவே. தரங்குறைந்தது பழுதுறின் பிறவற்றையும் உடன் அழிக்கவல்லது. காட்சியின் பொலிவில் சிறிது குறைந்தாலும் விளையாடலாம். மின்வழங்கியிற் குறைந்தால் யாவும் இழக்க நேரலாம்.

இவ்வறிவின் பயன் 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் புலனாயிற்று. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலரின் பெறுமதி, மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவை எட்டியது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை நீண்டது. மறைநாணயம் ஈட்டுவோர் வாங்கிக் குவித்தமையாலும் உற்பத்தித் தட்டுப்பாட்டாலும் வரைகலை அட்டைகளின் விலை 2021ஆம் ஆண்டிலேயே உலகெங்கும் ஏறியிருந்தது. முழுக் கணினியைப் புதிதாக வாங்குவதென்பது நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டாதுபோயிற்று. ஆயின் 2016ஆம் ஆண்டில் ஏ.எம்.டி. நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏ.எம்.4 பொருத்துவாய் பின்வந்த பல தலைமுறைச் செயலிகளையும் ஏற்றது. அத்தகைய பலகையை முன்னரே தெரிந்தவர் ஓர் உறுப்பை மட்டும் மாற்றித் தம் கணினியின் ஆயுளை நீட்டிக்க முடிந்தது. உள்ளிருப்பதை அறியாது மூடிய பெட்டியை வாங்கியவருக்கு அவ்வாய்ப்பு அரிதாகவே இருந்தது.

செயலியும் அட்டையும் எங்கோ செய்யப்படுகின்றன. அவற்றின் விலையும் எங்கோ முடிவாகின்றது. மத்திய கிழக்கில் உழைக்கும் தந்தையோ தமையனோ அனுப்பும் பணம் அவ்விலையாகக் கரைந்து செல்கின்றது. இவ்விளிம்பூரின் வசமிருப்பது இசைவறிந்து சேர்க்கும் அறிவொன்றே. மருதமுனையின் நெசவாளரும் நூலைத் தாம் விளைவித்தாரல்லர். வெளியூரிலிருந்து வந்த நூலையே தெரிந்து இணைத்துத் தம்மூர்ப் பெயர் சொல்லும் துணியாக்கினர். அவ்வறிவு வீட்டு மேசையில் தனித்தனியே தேடப்படும் முயற்சியாக நின்றுவிடாது, பாடசாலைகளிலும் பல்கலைக்கழகத்திலும் முறையாகப் பயிலப்படுமாயின், இக்கரையின் இளைஞர் பிறர் செய்த பெட்டிகளை வாங்குவோராக மட்டும் எஞ்சார்.