ஸ்பைஸ்வேர்ல்ட் கச்சேரிப் பிரயாணம் (1998)

இங்கிலாந்தைச் சேர்ந்த ஐந்து இளநங்கையர் அடங்கிய ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்னும் பாப் இசைக் குழுவினர், தம் முதலிரண்டு இசைத்தொகுப்புகளால் உலகப் பிரசித்தி எய்தியபின், 1998 பிப்ரவரி 24 அன்று அயர்லாந்துத் தலைநகராகிய டப்ளினில் ஆரம்பித்து, ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பெரும்பாலும் பெருங்கூடங்களில் நிகழ்த்திய கச்சேரிப் பிரயாணம் இது. மே மாதக் கடைசியில் ஆஸ்லோ நகர மேடைக்கு வராதிருந்த, ஐவருள் ஒருவரான ஜெரி ஹாலிவெல், 31ஆம் தேதி தாம் குழுவிலிருந்து விலகிவிட்டதாகப் பகிரங்கமாக அறிவிக்கவே, அதுவரை தடங்கலின்றிச் சென்ற பிரயாணத்துக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. எனினும் எஞ்சிய நால்வரும், அவர் பாடிவந்த பகுதிகளைத் தமக்குள் பகிர்ந்துகொண்டு, ஜூன் 15 அன்று புளோரிடா மாநிலத்தில் அமெரிக்கச் சுற்றைத் துவக்கி நடத்திய சாமர்த்தியம், மேடையின் ஆடம்பர அலங்காரங்களைக் காட்டிலும் மெச்சத்தக்கதென்றே சொல்லவேண்டும். பிரயாணம் செப்டம்பர் 20 அன்று லண்டன் வெம்பிளி மைதானத்தில் பூர்த்தியாயிற்று.