வெண்ணாற்றின் இரு முகத்துவாரங்கள்: காவிரிக் கழிமுகச் சதுப்பு மீட்பின் வரலாறு

வேளாங்கண்ணிப் பேராலயத்துக்குத் தெற்கே வெள்ளையாறு கடலில் விழுகிறது. அதற்கும் தெற்கே, கோடியக்கரையைத் தாண்டி, கோரையாறும் பாமணியாறும் முத்துப்பேட்டைக் கழியில் கலக்கின்றன. மூன்றும் வெண்ணாற்றிலிருந்து பிரிபவை. ஆனால் வெள்ளையாறு வங்கக் கடலின் நேரடி அலைக்கு முகம் கொடுக்கிறது. மற்ற இரண்டும் பாக் நீரிணையின் அமைதியான சேற்றில் இறங்குகின்றன. கரை அரிப்புக்கு மருந்து தேடுபவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய வேறுபாடு இது.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டின் வருவாய் 19ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டியர் நிறுவிய சத்திரங்களின் பராமரிப்புக்குச் சென்றது. பின்னர் காடு வனத்துறைக்கு மாறி, 1937இல் காப்புக்காடானது. காட்டைக் கூறுகளாகப் பிரித்து, முறைவைத்து அடியோடு வெட்டும் வழக்கம் இங்கும் பிச்சாவரத்திலும் 1970கள் வரை நீடித்தது. வெட்டிய இடம் தானே தழைக்கும் என்று நம்பினார்கள். தழைக்கவில்லை. பழி, ஆடுமாடு மேய்த்தவர்கள் மீதும் விறகு பொறுக்கியவர்கள் மீதும் விழுந்தது.

1988இல் சென்னையில் தொடங்கப்பட்ட எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இந்தப் பழியைச் சோதித்துப் பார்த்தது. மரம் போன இடத்தில் வெயில் நேரடியாக விழுந்து, ஈரம் வற்றி, மண் அமிழ்ந்து, தரை தொட்டிபோல் குழிந்திருந்தது. ஓதத்தில் ஏறிய நீர் வற்றத்தில் திரும்ப முடியாமல் அங்கேயே காய்ந்தது. உப்பு ஏற ஏற வெண்கண்டல் விதை முளைக்கவில்லை. உமரி மட்டும் தாக்குப்பிடித்தது. காட்டை அழித்தது வெட்டும் முறையே என்பது தெளிவானபோது, கரையோர மக்கள் மீது பல்லாண்டு சுமத்தப்பட்ட குற்றம் நீங்கியது. இந்த ஆய்வின் மிகப் பெரிய பயன் இதுவே என்று நான் கருதுகிறேன்.

தீர்வும் எளிமையானது. குழிந்த தரையிலிருந்து கழிக்குத் தாய் வாய்க்காலும் அதிலிருந்து கிளை வாய்க்கால்களும் வெட்டினார்கள். ஓதநீர் வந்து திரும்பியது, உப்பு கழுவப்பட்டது, அதன்பிறகே கன்று நட்டார்கள். முத்துப்பேட்டை மீனவர்கள் கழியில் வாய்க்கால் வெட்டி மீன்பிடிப்பது பழைய வழக்கம். பாசனமும் வடிகாலும் சேர்ந்தால்தான் நெல் என்பதை டெல்டா விவசாயிக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மக்களும் வனத்துறையும் சேர்ந்து காட்டைப் பேணும் கூட்டு மேலாண்மைத் திட்டம் பல ஊர்களில் வேர்பிடித்ததற்கு இந்தப் பழக்கமும் காரணமாக இருக்க வேண்டும்.

2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை எல்லாவற்றையும் மாற்றியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரிகர்களும் அதில் அடக்கம். கடலூர்க் கடற்கரையை வைத்து 2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரை, மரங்கள் இருந்த இடத்தில் சேதம் குறைந்ததாகக் கூறியது. மறு ஆண்டே வேறு ஆய்வாளர்கள், இதே கருத்தைச் சொன்ன இன்னொரு ஆய்வை எடுத்து, ஊரின் உயரமும் கடலிலிருந்து அதன் தொலைவுமே பெரும்பகுதியை விளக்கிவிடும் என்று மறுத்தனர். இந்த மறுப்பை நாம் போதிய அளவு காதில் வாங்கவில்லை. திறந்த மணற்கரை நெடுகச் சவுக்கு நடப்பட்டது. அடும்பும் இராவணன் மீசையும் பிடித்துவைத்திருந்த மணல்மேடுகளைத் தொந்தரவு செய்து சவுக்கு வைத்த இடங்களில் லாபத்தைவிட நட்டமே மிகுதி. மணலைச் சேர்த்து மேடாக்குவது அந்தக் கொடிகளும் புற்களும்தான்.

எனவே வேளாங்கண்ணியின் அலைவாய்க் கரையில் சதுப்பு வளர்க்க முயல்வது வீண். அலை நேராக அடிக்கும் மணலில் சேறு தங்காது. சதுப்புக்கு இடமுண்டென்றால் அது வெள்ளையாற்று முகத்துவாரத்துக்கு உள்ளே, ஓதம் ஏறி இறங்கும் கரைகளில். அங்கும் கன்றுக்கு முன் தரைமட்டமும் மண்ணின் உப்பும் அளக்கப்பட வேண்டும். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை உப்புச் சதுப்பையும் முதல் வகைப் பாதுகாப்பில் வைத்திருப்பதால் சட்டத்தின் துணை உண்டு.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் முத்துப்பேட்டைக் காட்டைச் சிதைத்தது. வெட்டிய வாய்க்கால்களோ புயல் இல்லாமலே வண்டலால் மூடிக்கொள்பவை. மேட்டூர் அணை திறப்புக்கு முன் ஆண்டுதோறும் ஆறு, வாய்க்கால் தூர்வாரும் பட்டியல் தயாராகும் நாட்டில், கழியின் இந்த வாய்க்கால்களுக்கும் அதில் ஒரு வரி எழுதப்பட வேண்டும்.