வாத்தியமே இல்லாத கச்சேரி... 'அகபெல்லா' என்றால் என்ன? சுருதிப்பெட்டி இல்லாமல் சுருதி எப்படி நிற்கிறது?

மார்கழி பிறந்துவிட்டால் திருவான்மியூரில் பொழுது விடிவதற்கு முன்பே பாட்டு தொடங்கிவிடும். மருந்தீஸ்வரர் கோயில் பக்கம் திருவெம்பாவை, பெருமாள் கோயில்களில் திருப்பாவை. ராத்திரி ஆனால் கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் வரும் இளைஞர்களின் பாட்டு. நடுவில் சபா கச்சேரிகள் வேறு. இந்தக் கூட்டத்துக்குள் கொஞ்சம் விநோதமான ஒரு கச்சேரியும் உண்டு. மேடையில் வயலின் கிடையாது, மிருதங்கம் கிடையாது, கீபோர்டு கிடையாது. தம்புராகூட கிடையாது. இருபது, முப்பது பேர் வந்து நிற்கிறார்கள், பாடுகிறார்கள், போகிறார்கள். இதற்குப் பெயர்தான் 'அகபெல்லா'.

பெயர் புதுசாக இருக்கலாம். ஆனால் தமிழ் ரசிகர்கள் இதை எப்போதோ கேட்டுவிட்டார்கள். 1993-ல் வந்த 'திருடா திருடா' படத்தில் ஏ.ஆர்.ரஹ்மான் இசையில் ஷாகுல் ஹமீது பாடிய 'ராசாத்தி' பாட்டு நினைவிருக்கிறதா? கிட்டத்தட்ட முழுக்க மனிதக் குரல்களை மட்டுமே வைத்துச் செய்த பாட்டு அது. 1995-ல் வந்த 'மாயா பஜார்' படத்தில் இளையராஜாவும் இந்த முறையில் ஒரு பாட்டு செய்திருக்கிறார்.

பெயர் எங்கிருந்து வந்தது?

இத்தாலிய மொழியில் 'கப்பெல்லா' என்றால் சிற்றாலயம். 'அ கப்பெல்லா' என்றால் 'சிற்றாலயத்தில் பாடுவது போல' என்று அர்த்தம். வாத்திகனின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் பாடகர் குழு ஆர்கன் துணையில்லாமல் பாடுவது நெடுநாள் வழக்கம். 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பலஸ்த்ரீனா என்ற இசையமைப்பாளர் இந்த வகையில் பெரிய பெயர். கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் பலவற்றில் இன்றும் வழிபாட்டில் வாத்தியமே கிடையாது.

பிறகு இது தேவாலயத்தை விட்டு வெளியே வந்தது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மாணவர்கள் 1909-ல் தொடங்கிய 'விஃபென்பூஃப்ஸ்' குழு இன்னும் பாடிக்கொண்டிருக்கிறது. யூடியூபில் டிசம்பர் ஆனால் கண்ணில் படும் 'பென்டடானிக்ஸ்' 2011-ல் உருவானது. அதில் ஐந்தே பேர்தான். டிரம்ஸ் சத்தம்கூட வாயிலிருந்துதான் வருகிறது.

எல்லாரும் ஒரே மெட்டைப் பாடுவதில்லையா?

இல்லை. பஜனைக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசமே இதுதான். பஜனையில் நூறு பேர் இருந்தாலும் மெட்டு ஒன்றுதான். ஆனால் ஆண்களுக்கு ஒரு கட்டை சுருதி வசதி, பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை கட்டை வசதி. ஒரே சுருதியில் எல்லாரும் பாடும்போது யாராவது ஒருவர் மேலே எட்ட முடியாமல் திணறுவார், இல்லையென்றால் கீழே குரல் அடைத்துக்கொள்ளும். பஜனையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பக்திதானே முக்கியம்!

மேற்கத்திய சேர்ந்திசை இந்தச் சிக்கலுக்கு வேறு வழி கண்டது. பெண்களில் மேல்குரல் சோப்ரானோ, கீழ்க்குரல் ஆல்டோ. ஆண்களில் மேல்குரல் டெனர், கீழ்க்குரல் பேஸ். நான்கு பேருக்கும் ஒரே பாட்டு, ஆனால் ஆளுக்கொரு மெட்டு. சோப்ரானோ 'ப' பிடிக்கும்போது ஆல்டோ 'க'வில் இருப்பார், பேஸ் கீழே 'ஸ'வில் நிற்பார். நான்கும் சேர்ந்து காதில் விழும்போதுதான் பாட்டு முழுசாகிறது. இதற்கு 'ஹார்மனி' என்று பெயர்.

சரி, சுருதி எப்படி நிற்கிறது?

விஷயமே இங்கேதான் இருக்கிறது. நம் பாடகருக்குப் பின்னால் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் விலகினாலும் காது உடனே இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிடும். அகபெல்லாவில் அந்தப் பிடிமானம் கிடையாது. நடத்துநர் ட்யூனிங் ஃபோர்க்கையோ சின்ன ஊதுகுழலையோ வைத்து ஆரம்ப ஸ்வரத்தை ஒரு தடவை காட்டுவார். அவ்வளவுதான். அதன் பிறகு ஒருவருக்கு சுருதி, பக்கத்தில் நிற்பவர்.

பக்கத்தில் நிற்பவரே இறங்கினால்? எல்லாரும் சேர்ந்து இறங்குவார்கள்! தனியாக ஒருவர் அபசுரம் பாடினால் உடனே தெரியும். ஆனால் குழு மொத்தமாக மெல்ல மெல்ல இறங்கினால், கேட்பவருக்கும் தெரியாது, பாடுபவருக்கும் தெரியாது. களைப்பு, மூச்சுக் குறைவு, மெட்டு கீழே இறங்கும் இடங்களில் அளவுக்கு மேல் இறங்கிவிடுவது என இதற்குக் காரணங்கள் பல. பாட்டு முடிந்ததும் ஊதுகுழலை எடுத்து ஊதிப் பார்த்தால்தான் அரை ஸ்வரம் காணாமல் போனது தெரியவரும்.

இதில் இன்னொரு வேடிக்கை, எல்லாரும் துல்லியமாகப் பாடினாலும் சுருதி நகரலாம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் பக்கத்து ஸ்வரத்தோடு சுத்தமாகச் சேர்த்துக்கொண்டே போனால், சில வரிசைகளில் திரும்பி வரும்போது கிளம்பிய இடத்துக்கே வந்து சேர முடியாது. 16-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியைச் சேர்ந்த பெனெடெட்டி என்ற கணித அறிஞர் இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அந்த இடைவெளியின் விகிதம் 81/80. நம் 22 சுருதிக் கணக்கில் 'பிரமாண சுருதி' என்று சொல்லும் அதே அளவு! அரை ஸ்வரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் நான்கைந்து முறை நடந்துவிட்டால் அரை ஸ்வரம் போச்சு.

மாட்டிக்கொள்ளும் இடம் எது?

வாத்தியமே வராத பாட்டில் சுருதி கொஞ்சம் இறங்கினாலும் தப்பித்துவிடலாம். நடுவில் வாத்தியம் வந்து சேரும் பாட்டுதான் ஆபத்து. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் 1918 முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் நடக்கும் கேரல் வழிபாடு இதற்கு நல்ல உதாரணம். 1928-ல் இருந்து பிபிசி வானொலியில் ஒலிபரப்பாகிறது. முதல் பாட்டின் முதல் சரணத்தை ஒரே ஒரு சிறுவன், துணையே இல்லாமல் பாட வேண்டும். யார் அந்தச் சிறுவன் என்பது கடைசி நேரத்தில்தான் சொல்லப்படும். முன்கூட்டியே சொன்னால் பயந்துவிடுவான் என்பதால்! இரண்டாவது சரணம் குழு, அதுவும் வாத்தியம் இல்லாமல். மூன்றாவது சரணத்தில் ஆர்கன் முழங்கிக்கொண்டு நுழையும். அதுவரை சுருதி இறங்கியிருந்தால் உலகத்துக்கே கேட்டுவிடும்.

சென்னையில் இது எப்போதிலிருந்து?

சேர்ந்திசை இந்த ஊருக்குப் புதுசு இல்லை. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் தொடங்கியது 1893-ல். மியூசிக் அகாடமியைவிட 35 வருஷம் மூத்தது. தமிழ்ப் பக்கம் பார்த்தால், மலையாளத் திரையிசையில் புகழ்பெற்ற எம்.பி.சீனிவாசன் 1970-களின் தொடக்கத்தில் 'மெட்ராஸ் யூத் கொயர்' குழுவை உருவாக்கினார். நான்கு குரல் முறையை பாரதியார் பாடல்கள் உள்ளிட்ட இந்திய மொழிப் பாடல்களுக்குக் கொண்டுவந்தவர் அவர். ராகத்தைக் கெடுக்காமல் ஹார்மனி சேர்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. ராகத்தில் இல்லாத ஸ்வரத்தை ஆல்டோவுக்குக் கொடுத்தால் ராகம் போய்விடும், கொடுக்காவிட்டால் ஹார்மனி மெலிந்துவிடும். கமகம் வேறு. முப்பது பேர் ஒரே மாதிரி அசைத்துப் பாட வேண்டும்.

சேர்ந்து பாடும் பழக்கமோ அதைவிடப் பழசு. மயிலாப்பூர் மாடவீதிகளில் பாபநாசம் சிவன் ஆண்டுதோறும் நடத்திய மார்கழி பஜனையைச் சென்னைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அவர் கற்பித்த கலாக்ஷேத்ரா 1936-ல் அடையாறில் தொடங்கி, 1962-ல் திருவான்மியூர்ப் பக்கம் இப்போதைய வளாகத்துக்கு வந்தது. அங்கே இன்றும் காலையில் ஆலமரத்தடியில் மாணவர்கள் கூடிப் பாடிய பிறகுதான் வகுப்பு.

கேட்கப் போகிறவர்கள் கவனத்துக்கு...

செல்போனை சைலன்ட்டில் போட்டால் போதாது, அணைத்துவிடுவது நல்லது. மெல்லிசான இடங்களில் மேசையின் அதிர்வுகூடக் கேட்கும். தொடையில் தாளம் போடும் நம் பழக்கத்தையும் அன்றைக்கு ஒதுக்கிவைக்கலாம். இந்தப் பாடல்களில் வேகம் வரிக்கு வரி மாறும், நடத்துநரின் கைதான் தாளம். பாட்டு நின்றதும் கைதட்டிவிடாதீர்கள். அவர் கை கீழே இறங்கும்வரை பாட்டு முடியவில்லை என்று அர்த்தம்.

நீண்ட ஸ்வரம் ஒன்று மூச்சே விடாமல் ஓடுகிறதே என்று ஆச்சரியப்பட்டால், பாடகர்களின் தோளைக் கவனியுங்கள். ஒருவர் மாற்றி ஒருவர் சத்தமில்லாமல் மூச்சு எடுத்துக்கொண்டிருப்பார்கள். டிக்கெட் எடுக்கும்போது முதல் வரிசைக்கு அடித்துப் பிடிக்கவும் வேண்டாம். அங்கே உட்கார்ந்தால் எதிரே நிற்கும் ஒரு குரல் மட்டும்தான் பெரிதாகக் கேட்கும். நான்கும் கலந்து வருவது அரங்கின் நடுவில்தான்.