சாப்ளினைக் காப்பாற்றாத ரத்தப் பரிசோதனை

சார்லி சாப்ளினைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். ஆனால் "இந்தக் குழந்தைக்கு அப்பா நீதான்" என்று கோர்ட் அவருக்குத் தீர்ப்புச் சொன்ன கதை பல பேருக்குத் தெரியாது.

1943-ல் ஜோன் பாரி என்ற இளம் நடிகை, தன் குழந்தைக்கு அப்பா சாப்ளின்தான் என்று லாஸ் ஏஞ்சலிஸில் வழக்குப் போட்டார். ரத்தப் பரிசோதனை செய்தார்கள். அம்மா ஏ குரூப், குழந்தை பி குரூப், சாப்ளின் ஓ குரூப். குழந்தையிடம் இருக்கும் 'பி' அம்மாவிடம் இல்லை. அப்படியென்றால் அது அப்பாவிடம் இருந்துதான் வந்திருக்க வேண்டும். சாப்ளினிடமும் அது இல்லை. ஆக, அவர் அப்பா இல்லை.

முடிந்ததா கதை? அதுதான் இல்லை! அன்றைய கலிபோர்னியா சட்டப்படி ரத்தப் பரிசோதனை பல சாட்சிகளில் ஒன்று, அவ்வளவுதான். முதல் ஜூரியால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. 1945 ஏப்ரலில் இரண்டாவது ஜூரி சாப்ளின்தான் அப்பா என்று சொல்லிவிட்டது. குழந்தைக்கு 21 வயதாகும் வரை பணம் கட்டச் சொன்னார்கள். 1953-ல்தான் கலிபோர்னியா இந்தச் சட்டத்தை மாற்றியது.

ரத்த குரூப்புக்கு இன்னொரு குறையும் உண்டு. "இவர் இல்லை" என்று அடித்துச் சொல்லும். "இவர்தான்" என்று சொல்லாது. பி குரூப் ஆண்கள் ஊரில் எத்தனை லட்சம் பேர்!

அந்தக் குறையைத் தீர்த்தவர் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்து அலெக் ஜெஃப்ரீஸ். 1984 செப்டம்பர் 10 அன்று, ஆளுக்கு ஆள் மாறும் டி.என்.ஏ. கோடுகளை ஒரு எக்ஸ்ரே ஃபிலிமில் பார்த்தார். அடுத்த வருடமே அதற்கு வேலை வந்தது. கானாவில் இருந்து திரும்பிய ஒரு பையனை, "நீ இந்த அம்மாவின் மகன் இல்லை" என்று இங்கிலாந்து அதிகாரிகள் சந்தேகப்பட்டார்கள். சோதித்துப் பார்க்க அப்பா கிடைக்கவில்லை. அம்மாவையும் அவருடைய மற்ற மூன்று பிள்ளைகளையும் சோதித்து, அதிலிருந்தே அப்பாவின் கோடுகளைக் கண்டுபிடித்தார் ஜெஃப்ரீஸ். பையன் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் என்று உறுதியானது. அவன் இங்கிலாந்திலேயே தங்கினான்.

இன்று எப்படிச் செய்கிறார்கள்? டி.என்.ஏ.வில் சில இடங்களில் ஒரே சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். எத்தனை தடவை வருகிறது என்று எண்ணுவார்கள். ஒரு இடத்தில் குழந்தைக்கு 15, 17 என்றும், அம்மாவுக்கு 12, 15 என்றும் இருந்தால், 15 அம்மா கொடுத்தது. 17 அப்பாவிடம் இருக்க வேண்டும். இப்படி 15, 20 இடங்களில் பார்ப்பார்கள். காமர்ஸ் மாணவன் பாஷையில் சொன்னால், இது வங்கிச் சரிகட்டும் பட்டியல் மாதிரிதான் :-) ஒரு இடம் ஒத்துப்போகாவிட்டால் அது இயற்கையான மாற்றமாக இருக்கலாம். பல இடங்கள் ஒத்துப்போகாவிட்டால் அவர் அப்பா இல்லை. எல்லாமே ஒத்துப்போனால் 99.99 சதவீதத்துக்கும் மேல் அவர்தான்.

நம் நாட்டிலும் ஒரு பெரிய வழக்கு நடந்தது. முன்னாள் முதல்வர் என்.டி.திவாரிதான் தன் அப்பா என்று 2008-ல் ரோஹித் சேகர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். ரத்தம் கொடுக்க திவாரி மறுத்தார். கோர்ட் விடவில்லை. 2012 மே மாதம் ரத்தம் எடுத்தார்கள், ஜூலையில் முடிவு வந்தது: திவாரிதான் அப்பா. 2014-ல் அவரே ரோஹித்தை மகன் என்று ஏற்றுக்கொண்டார்.

சாப்ளின் வழக்கில் அந்தக் குழந்தைக்கு விஞ்ஞானம் கொடுத்த பதில் "இவர் இல்லை" என்பது மட்டும்தான். பிறகு யார் என்று அதனால் சொல்ல முடியவில்லை. ரோஹித்துக்கு அந்தப் பதிலும் கிடைத்தது.