கான்சஸ் ஊரகக் கவுன்டிகளின் நிலவரிப் பதிவுகள்

அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஒரு நிலம் யார் பெயரில் இருக்கிறது, அரசு அதற்கு என்ன மதிப்புப் போட்டிருக்கிறது, வரி கட்டியாயிற்றா என்பதை எவரும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பவர் அந்த நிலத்தின் சொந்தக்காரராகவோ உறவினராகவோ இருக்க வேண்டியதில்லை. மாநிலத்தின் 105 கவுன்டிகளும் தத்தம் ஏடுகளைத் தாமே வைத்திருக்கின்றன; பத்திரங்களுக்கு மாநில அளவில் பொதுப் பதிவகம் கிடையாது. இணையத் தேடல் பரவிய பிறகும் பழைய ஏடுகளுக்காகக் கவுன்டித் தலைநகருக்கு நேரில் போக வேண்டியிருக்கிறது.

கிழக்குக் கான்சஸின் ஃபிளின்ட் ஹில்ஸ் மேய்ச்சல் வெளியில் உள்ள சேஸ் கவுன்டி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1859இல் அமைந்த இந்தக் கவுன்டியில் இன்று மூவாயிரத்துக்கும் குறைவான மக்களே வாழ்கிறார்கள். தலைநகர் காட்டன்வுட் ஃபால்ஸில் சுண்ணாம்புக் கல்லால் 1873இல் கட்டி முடித்த நீதிமன்றக் கட்டடம், மாநிலத்தில் இன்றும் புழக்கத்தில் உள்ளவற்றுள் மிகப் பழையது. அமெரிக்க ஊரகங்களில் இத்தகைய கட்டடம் வழக்கு நடக்கும் இடம் மட்டுமல்ல, கவுன்டி நிர்வாகத்தின் இருப்பிடமும்கூட.

ஒரு நிலத்தின் கதை நான்கு அலுவலகங்களில் பிரிந்து கிடக்கிறது. மதிப்பீட்டாளர் மதிப்புப் போடுகிறார். கவுன்டி கிளார்க் அதன்மேல் வரியைக் கணக்கிட்டு வரிப் பட்டியல் தயாரிக்கிறார். பொருளாளர் வரியை வசூலிக்கிறார். பத்திரப் பதிவாளர் கிரயம், அடமானம், குத்தகை முதலியவற்றைப் பதிவு செய்கிறார். முதல் மூவரும் வரியின் பக்கம். நான்காமவர் உரிமையின் பக்கம். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்தாத தேடல் பெரும்பாலும் தவறான முடிவில்தான் கொண்டுபோய் விடும். வரி ரசீதில் இருக்கும் பெயர், ரசீதை யாருக்கு அனுப்புகிறார்கள் என்பதைச் சொல்கிறது. உரிமையை அது நிலைநாட்டுவதில்லை.

நிலத்தின் முகவரி

ஊர்ப்புற நிலத்துக்குக் கதவிலக்கம் இருக்காது. அதன் முகவரி அளவைக் கட்டத்தில் இருக்கிறது. 1785ஆம் ஆண்டு நிலச் சட்டம் வகுத்த முறைப்படி, நாட்டின் பெரும்பகுதியை ஆறு மைல் சதுரங்களாக அளந்தார்கள். அந்தச் சதுரம் டவுன்ஷிப் எனப்படும். அதற்குள் 36 செக்‌ஷன்கள். செக்‌ஷன் ஒன்று 640 ஏக்கர், கால் செக்‌ஷன் 160 ஏக்கர். எண்ணிக்கை வடகிழக்கு மூலையில் தொடங்கி மேற்கே போய், அடுத்த வரிசையில் கிழக்கே திரும்பி, ஏர் உழுவதுபோல வளைந்து வளைந்து வந்து தென்கிழக்கு மூலையில் 36இல் முடியும்.

கான்சஸில் இந்தக் கட்டம் இரண்டு கோடுகளைப் பற்றி நிற்கிறது. அடிக்கோடு, நெப்ராஸ்கா எல்லையாக உள்ள 40ஆம் வடக்கு அட்சரேகை. நிற்கும் கோடு, ஆறாம் தலைமைத் தீர்க்கரேகை. விச்சிட்டா நகரின் மெரிடியன் அவென்யூ இந்தக் கோட்டை ஒட்டியே போகிறது. ஆகவே பத்திரத்தில் “டவுன்ஷிப் 19 தெற்கு, ரேஞ்ச் 8 கிழக்கு” என்று கண்டால், அடிக்கோட்டிலிருந்து தெற்கே 19ஆவது, தீர்க்கரேகையிலிருந்து கிழக்கே 8ஆவது சதுரம் என்று பொருள். அது காட்டன்வுட் ஃபால்ஸ் வட்டாரம். “14ஆம் செக்‌ஷனின் வடகிழக்குக் கால்” என்று சேர்த்தால், மண்ணில் கால் வைக்காமலே 160 ஏக்கரைத் துல்லியமாகச் சுட்டிவிடலாம். ஊர்ப்புறத் தேடலில் பெயரைவிட இந்த விவரணையே நம்பத் தகுந்தது. பெயர் மாறும், எழுத்துப் பிழையோடு பதிவாகும், அறக்கட்டளைக்கோ குடும்ப நிறுவனத்துக்கோ போய்விடும். செக்‌ஷன் எண் மாறுவதில்லை.

வரித் துறை இதே கட்டத்தை நிலத்துண்டு எண்ணாக மாற்றிக்கொண்டது. எண்ணின் முதல் மூன்று இலக்கம் கவுன்டியைக் குறிக்கும். அகரவரிசைப்படி ஆலன் 001, சேஸ் 009, வையன்டாட் 105. தொடர்ந்து வரைபடம், செக்‌ஷன், கால் செக்‌ஷன், பிளாக், மனை என்று எண் நீளும். பழகியவர் அந்த எண்ணைப் பார்த்தே நிலம் எங்கே என்று சொல்லிவிடுவார்.

மதிப்பும் வரியும்

மதிப்பீட்டாளரின் அட்டையில் நிலப் பரப்பு, கட்டடம் எழுந்த ஆண்டு, தரைப் பரப்பு, கட்டடத்தின் கோட்டுப்படம் முதலியன இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1ஆம் தேதி நிலவரப்படி மதிப்பிட்டு, மார்ச் தொடக்கத்துக்குள் அறிவிப்பு அனுப்புகிறார்கள். மதிப்பு கூடுதல் என்று கருதுபவர் 30 நாளுக்குள் முறையிட வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளின் மதிப்பைப் பார்க்கும் உரிமை அப்போதுதான் கைகொடுக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாத வரிக்கு எதிராக வாதாட வழியும் இல்லை. பதிவுகள் திறந்திருப்பதன் முதன்மையான நியாயம் இதுவே.

சந்தை மதிப்பு முழுவதற்கும் வரி கிடையாது. மாநில அரசியலமைப்பு வகைக்கு ஒரு விழுக்காட்டை நிர்ணயித்திருக்கிறது: குடியிருப்புக்கு 11.5, வணிகக் கட்டடத்துக்கும் வேளாண் நிலத்தின்மேல் உள்ள கொட்டகை, களஞ்சியம் போன்றவற்றுக்கும் 25, வேளாண் நிலத்துக்கு 30. எனவே ஒரே பண்ணையில் வீடு ஒரு விகிதம், கொட்டகை வேறு விகிதம், வயல் இன்னொரு விகிதம்.

வேளாண் நிலத்துக்கு 30 என்பது கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அங்கே அடிப்படை சந்தை விலையன்று, பயன்பாட்டு மதிப்பு. மண் வகை, பாசனம், பயிர் நிலமா புல் நிலமா என்பதைக் கொண்டு, நில உடைமையாளருக்குக் கிடைக்கும் நிகர வருவாயின் எட்டாண்டுச் சராசரியிலிருந்து அதைக் கணக்கிடுகிறார்கள். 1986ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தத்தைத் தொடர்ந்து 1989இல் இது நடைமுறைக்கு வந்தது. ஃபிளின்ட் ஹில்ஸில் மண்ணுக்கு அடியிலேயே சுண்ணாம்புப் பாறையும் தீக்கல்லும். ஏர் இறங்காது, புல்தான் வளரும். அதனால் அங்கே வரி அட்டையில் காணும் மதிப்பு, நிலம் விற்கும் விலையைவிட மிகக் குறைவு. அந்த மதிப்பை விலையென்று எடுத்துக்கொள்வது வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் செய்யும் தவறு.

விலையை வேறிடத்தில் தேடினாலும் எளிதில் கிடைக்காது. கான்சஸ் பத்திரங்களில் உண்மைத் தொகையை எழுதும் வழக்கம் இல்லை. ஒரு டாலரோ பத்து டாலரோ “மற்றும் பிற பிரதிபலன்” என்று எழுதிவிடுகிறார்கள். பதிவின்போது தனிப் படிவத்தில் விலையைத் தெரிவிக்க வேண்டும் என்றாலும், அந்தப் படிவத்தை எல்லோருக்கும் காட்டுவதில்லை.

வரி விகிதம் மில் என்ற அலகில் அமைகிறது. வரிக்குரிய மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர் என்பது ஒரு மில். 1,00,000 டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு வரிக்குரிய மதிப்பு 11,500 டாலர். மொத்த விகிதம் 150 மில் என்று வைத்துக்கொண்டால் வரி 1,725 டாலர். பள்ளிக்கென மாநிலம் விதிக்கும் 20 மில்லில் மட்டும், குடியிருப்பின் முதல் 75,000 டாலருக்கு 2024ஆம் ஆண்டு முதல் விலக்கு உண்டு, அதனால் 172.50 டாலர் குறையும். மீதி விகிதம் கவுன்டி, பள்ளி மாவட்டம், தீயணைப்பு, நூலகம், கல்லறைத் தோட்டம், நீர்வடிப் பகுதி என்று சிறு சிறு அமைப்புகளுக்குப் பிரிகிறது. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் விகிதம் மாறலாம். வேலி இரண்டு தீயணைப்பு வட்டங்களின் எல்லையாக இருந்தால் போதும். டிசம்பர் 20க்குள் முதல் பாதி, மே 10க்குள் மறு பாதி கட்ட வேண்டும்.

உரிமைத் தொடர்

பட்டா போல அரசே உரிமையாளரை அறிவிக்கும் ஆவணம் இங்கே இல்லை. பத்திரப் பதிவாளர் வந்த பத்திரத்தைப் பதிந்து வைக்கிறார். அது செல்லுமா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. விற்றவர், வாங்கியவர் பெயரடைவைப் பிடித்துப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். பல கவுன்டிகளில் செக்‌ஷன் வாரியான அடைவும் உண்டு. ஒரே கால் செக்‌ஷனைத் தொட்ட பத்திரங்கள் எல்லாம் அதில் ஒரே பக்கத்தில் கிடைக்கும். கிராம நிலத்துக்கு அதைவிட உதவியான ஏடு இல்லை.

தொடர் போய் நிற்கும் இடம் ஒன்றிய அரசு கொடுத்த முதல் உரிமைச் சாசனம். அவற்றின் படிமங்களை ஒன்றிய நில மேலாண்மைத் துறை இணையத்தில் வைத்திருக்கிறது. 1862ஆம் ஆண்டுக் குடியமர்வுச் சட்டப்படி ஐந்தாண்டு வாழ்ந்து 160 ஏக்கர் பெற்றவர்கள் உண்டு. 1863ஆம் ஆண்டுச் சட்டம் சாந்தா ஃபே ரயில் பாதையின் இருபுறமும் ஒற்றைப்படை செக்‌ஷன்களைத் தந்ததால், பல நிலங்களின் தொடர் ரயில் நிறுவனத்தில் தொடங்கும். 16, 36ஆம் செக்‌ஷன்கள் பள்ளிகளுக்கு ஒதுக்கப்பட்டவை. அதற்கு முன் இந்தப் புல்வெளியில் வாழ்ந்த கா என்ற பழங்குடி மக்கள் 1873இல் இன்றைய ஒக்லஹோமாவுக்கு வெளியேற்றப்பட்டார்கள். ஒன்றிய அரசின் சாசனத்தில் தொடங்கும் தொடரில் அவர்கள் விற்றவர் வரிசையில் வருவதில்லை. அந்த வெறுமையையும் பதிவின் ஒரு பகுதியாகவே தேடுபவர் படிக்க வேண்டும்.

வரி ஏடும் பத்திரமும் வேறுபடும் இடங்கள் பல. உரிமையாளர் இறந்தபின் இன்னாருக்கு என்று எழுதிப் பதிந்த பத்திரம் கான்சஸில் 1997 முதல் செல்லும். ஆனால் இறப்புச் சான்று பதிவாகும்வரை வரி ஏட்டில் இறந்தவர் பெயரே தொடரலாம். நிலத்தின் தோற்றமும் ஏமாற்றும். சேஸ் கவுன்டியில் 1996இல் அமைந்த உயர்புல் புல்வெளித் தேசியக் காப்பகத்துக்குப் போகிறவர் அது முழுவதும் அரசு நிலம் என்றே எண்ணுவார். அதை உருவாக்கிய சட்டமோ ஒன்றிய அரசு 180 ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. பெரும்பகுதி நேச்சர் கன்சர்வன்சி என்ற தனியார் அமைப்புக்குச் சொந்தம்.

எண்ணெயும் எரிவாயுவும் இன்னும் சிக்கலானவை. மேற்பரப்பை ஒருவர் வைத்துக்கொண்டு, அடியிலுள்ள கனிம உரிமையை மட்டும் இன்னொருவருக்கு விற்கலாம். அவ்வாறு பிரித்து விற்ற பத்திரத்தை 90 நாளுக்குள் பதிவு செய்யவோ வரிப் பட்டியலில் சேர்க்கவோ தவறினால் அது செல்லாது என்கிறது கான்சஸ் சட்டம். வரி ஏடு உரிமையையே முடிவுசெய்யும் அரிய இடம் இது. கனிம உரிமையைத் தேடுபவர் இரண்டு அலுவலகங்களின் தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணமும் அதுவே.

கட்டாத வரி

வரி நிலுவையில் உள்ள நிலங்களின் பட்டியல், ஆகஸ்டில் தொடர்ந்து மூன்று வாரம் கவுன்டியின் அதிகாரப்பூர்வச் செய்தித்தாளில் வெளிவரும். அதன் பிறகும் நிலம் உடனே கைமாறிவிடாது. மீட்டுக்கொள்ள உரிமையாளருக்குச் சில ஆண்டு அவகாசம் உண்டு; அது தீர்ந்த பின்னரே கவுன்டி வழக்குத் தொடுத்து ஏலத்துக்கு விடும்.

திறந்த பதிவுச் சட்டப்படி, எழுத்தில் கேட்டவருக்கு அலுவலகம் மூன்று வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும்; நகலுக்குக் கட்டணம் வாங்கலாம். பொதுப் பதிவிலிருந்து பெயர், முகவரிகளைத் திரட்டி, அவர்களிடம் எதையாவது விற்கப் பயன்படுத்துவதை மட்டும் சட்டம் தடுக்கிறது. மொத்தமாகப் பட்டியல் கேட்பவர் அந்த நோக்கம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.