தள்ளி நின்று வேதியியல் கற்றவர்: தாட்சாயணி வேலாயுதன்

1946-இல் அரசியலமைப்பு நிர்ணய சபைக்குச் சென்னை மாகாணச் சட்டமன்றம் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியது. வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த நம் அரக்கோணமும் அந்த மாகாணத்தில்தான் அடங்கும். அப்படிப் போனவர்களில் ஒருவர் வேதியியல் படித்த பள்ளி ஆசிரியை. சபையில் இருந்த 15 பெண்களில் தலித் அவர் ஒருவர்தான். பெயர் தாட்சாயணி வேலாயுதன். அம்பேத்கரைப் படிக்கும் நம் மாணவர்களில் பலருக்கு இந்தப் பெயர் இன்னும் புதிது.

1912 ஜூலை 4-இல் கொச்சிக்கு அருகே உள்ள முளவுகாடு தீவில் புலையர் குடும்பத்தில் பிறந்தார். பிறந்தவுடனேயே ஒரு மீறல் நடந்துவிட்டது. அழகி, சக்கி, காளி, குறும்பா என்று அழைக்கப்பட்ட பெண்கள் நடுவே அவருக்குத் தாட்சாயணி என்று பெயர் வைத்தார்கள். சாதி இந்துக்கள் தங்களுக்கென்று வைத்திருந்த பெயர் அது.

அவர் பிறந்த மறு ஆண்டு, 1913-இல், கொச்சியில் காயல் மாநாடு நடந்தது. புலையர்கள் கரையில் கூட்டம் போட முடியாது. நிலம் மன்னருடையது. ஆகவே காயலில் படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே பலகை பரப்பி, தண்ணீரின் மீது கூடினார்கள். மன்னரின் தடை நிலத்துக்குத்தானே, நீருக்கு இல்லையே! அந்த முன்னெடுப்பில் தாட்சாயணியின் குடும்பத்தாரும் இருந்தார்கள். அவருடைய படிப்பைத் தனிமனித சாதனையாக மட்டும் பேசுவோர் இதை மறந்துவிடுகிறார்கள். அவருக்கு முன்பே ஒரு இயக்கம் படகில் ஏறியிருந்தது.

எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியில் கொச்சி அரசின் உதவித்தொகையோடு வேதியியல் படித்தார். அறிவியல் பட்டப் படிப்பில் அங்கு அவர் ஒருவர்தான் மாணவி. உயர்சாதி ஆசிரியர் அவருக்குச் சோதனைகளைச் செய்து காட்டவில்லை. மற்றவர்களுக்குக் காட்டியதைத் தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொண்டார். வேதியியலில் இது சின்ன விஷயம் இல்லை. நிறம் மாறும் கணத்தையும் வீழ்படிவு இறங்குவதையும் கிட்ட இருந்து பார்த்தால்தான் பாடம் விளங்கும். புத்தகத்தைத் தடுக்க முடியாத சாதி, செய்முறையைத் தடுத்தது. 1935-இல் பட்டம் பெற்றார். மூன்று ஆண்டுகளில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சியையும் முடித்தார்.

1945 வரை திருச்சூர், திருப்பூணித்துறை வட்டார அரசு உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியப் பணி. பட்டமும் அரசு வேலையும் கிடைத்த பிறகும் சாதி விலகவில்லை. ஒருநாள் வயல் வரப்பில் எதிரே வந்த உயர்சாதிப் பெண், இவரை வயலில் இறங்கி வழிவிடச் சொன்னார். தாட்சாயணி நகரவில்லை. வேண்டுமானால் நீங்கள் இறங்கிப் போங்கள் என்றார். கடைசியில் இறங்கியது அந்தப் பெண்தான்.

1945-இல் கொச்சி சட்டசபை, அடுத்த ஆண்டு டெல்லி. 1946 டிசம்பர் 19-இல், 34 வயதில், நிர்ணய சபையில் பேசினார். அரசியலமைப்பு என்பது சட்டங்களின் தொகுப்போடு நின்றுவிடக் கூடாது, மக்களுக்குப் புதிய வாழ்க்கை முறையைத் தர வேண்டும் என்பது அவர் வாதம். 1948 நவம்பர் 29-இல் தீண்டாமை ஒழிப்புப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. இன்றைய 17-ஆவது பிரிவு அதுதான். அதை வரவேற்ற அவர், இந்த அரசியலமைப்பு எப்படி நடக்கும் என்பது மக்கள் நடந்துகொள்ளும் விதத்தைப் பொறுத்தது என்றும் எச்சரித்தார். வரப்பில் நின்றவருக்கு அது தெரியாதா?

தனித் தொகுதியை அவர் எதிர்த்தார். அதில் அம்பேத்கரின் நிலைப்பாட்டோடு முரண்பட்டார். காந்தி, கஸ்தூர்பா முன்னிலையில் வார்தாவில் திருமணம் செய்துகொண்டவர். காப்புகளைவிட அறரீதியான பாதுகாப்பே முக்கியம் என்று நம்பினார். அந்த நம்பிக்கை பொய்த்துப்போனதற்கு நம் ஊர்களே சாட்சி. இந்த இடத்தில் நாம் அம்பேத்கர் பக்கம்தான் நிற்கிறோம். ஆனால் கருத்து வேறுபட்டார் என்பதற்காக அவரை நம் வரலாற்றிலிருந்து ஒதுக்கினால், அந்த ஆய்வக ஆசிரியர் செய்ததையே நாமும் செய்கிறோம். தலித் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு அரசியல் கருத்து இருக்க உரிமை உண்டு. அதோடு வாதிடுவதும் மரியாதைதான்.

1978 ஜூலை 20-இல் மறைந்தார். அவர் சந்தித்த ஆய்வகம் மறைந்துவிட்டதா? சேலம் மாவட்டத்தின் செந்தில்குமார் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவர். வழிகாட்டிப் பேராசிரியர் ஒதுக்கப்படாத நிலையில் 2008 பிப்ரவரியில் விடுதி அறையில் இறந்து கிடந்தார். அன்று சோதனையைக் காட்டவில்லை. இன்று வழிகாட்டி தரவில்லை. முறை மாறியிருக்கிறது, தூரம் மாறவில்லை.

காலை மின்சார ரயிலில் அரக்கோணத்திலிருந்து சென்னைக் கல்லூரிகளுக்குப் போகும் தம்பி தங்கைகளே, இட ஒதுக்கீடு உங்களை வகுப்புக்குள் கொண்டுபோகும். அதன் பிறகு யாருக்குக் கருவி கிடைக்கிறது, யார் சந்தேகத்துக்கு விடை கிடைக்கிறது, செய்முறை மதிப்பெண் எப்படிப் போடப்படுகிறது என்று கவனியுங்கள், குறித்து வையுங்கள், கூட்டாகக் கேளுங்கள். தாட்சாயணி தனியாகத் தள்ளி நின்றார். நீங்கள் தனியாக நிற்க வேண்டியதில்லை.